வன்னியில் சைக்கிளில் வேலைக்குப் போய்வருதல்: முந்தின இரவில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கடைக்கு மட்டும் போய்வரும் சைக்கிளில் காற்றுக் குறைந்திருந்தாலும் செயின் கிறீச்சிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது. அதே சைக்கிளை ஒரு வழிக்கு 8 கிலோமீற்றர், கிழமையில் 5 நாள் உழக்கினால் கிழமைக்கு 80 கிலோமீற்றர் ஆகிறது. சின்னக் குறை ஒவ்வொன்றும் அந்தத் தூரத்தில் பெருத்து, ஒருநாள் காலை 7.40க்கு நடு வெளியில் உங்களை இறக்கி விடும்.

ஒரு வழிக்கு 5 முதல் 15 கிலோமீற்றர் வரை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கியர் இல்லாத பெரிய சைக்கிள், லேடீஸ் சைக்கிள், மவுண்டன் சைக்கிள் மூன்றுக்கும் பொருந்தும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேலைக்குப் பிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் முந்தின பின்னேரமே உருவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய்ப் பாருங்கள்

திங்கட்கிழமை காலை முதல் ஓட்டம் ஓடாதீர்கள். முந்தின ஞாயிறு, வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே பையோடு ஒருதரம் போய் வாருங்கள். வெறும் சைக்கிளில் எடுத்த நேரமும் பையோடு எடுத்த நேரமும் ஒன்றாக இராது.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். தட்டையான தார் றோட்டில், 5 கிலோ பையோடு, உடுப்பு நனையாமல் போகக்கூடிய வேகம் மணிக்கு 12 முதல் 14 கிலோமீற்றர். கிறவல் றோட்டில் அது 9 அல்லது 10 ஆகக் குறையும். 6 கிலோமீற்றர் தாரும் 2 கிலோமீற்றர் கிறவலும் என்றால் 40 நிமிடம். முகம் கழுவிச் சட்டை மாற்ற 10 நிமிடம். காற்றுப் போனால் ஒட்ட 20 நிமிடம். 8.30க்குக் கந்தோர் என்றால் 7.20க்குப் படலை தாண்ட வேண்டும்.

அந்த 20 நிமிடத்தை முதல் 2 மாதத்துக்கு வெட்டாதீர்கள். வழி பழகி, கை பழகின பிறகு 10 ஆக்கலாம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். விடிய அடங்கியிருந்து மத்தியானத்துக்குப் பிறகு எழும்பும். தென்மேற்கே இருக்கும் அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்கு வருகிறவருக்குக் காலையில் காற்றின் உதவி அவ்வளவாகக் கிடைக்காது. பின்னேரம் திரும்பும்போதோ முழுக் காற்றும் முகத்தில். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும்போது அவருக்கே காலை ஓட்டம் பாரமாகிவிடும். பரந்தனைச் சுற்றிய வயல் வெளிகளில் மறைப்பு ஒன்றும் இல்லாததால் 40 நிமிட ஓட்டம் சில நாள் 55 ஆகும். உங்கள் வீடு வேலைத்தலத்துக்கு எந்தத் திசையில் என்று பார்த்தாலே எந்த மாதம் எந்த நேரம் கஷ்டம் என்று தெரிந்துவிடும்.

போகும்போது மூன்று இடத்தைக் குறித்து வையுங்கள்: சைக்கிள் கடை இருக்கும் சந்தி, தண்ணீர் எடுக்கக்கூடிய கிணறு அல்லது குழாய், மழைக்கு ஒதுங்கக்கூடிய கூரை. வாசிகசாலையோ பஸ் தரிப்பிடமோ போதும். தனித்த மரம் போதாது, இடி மின்னல் நேரம் மரத்தடி ஆபத்து. தாம்போதி உள்ள வழி என்றால் மாரிக்கு வேறு ஒரு வழியையும் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். குளம் வான் பாயத் தொடங்கின காலையில் வழி தேட நேரம் இராது.

காட்டுக்குள்ளால் போகும் குறுக்குப் பாதை 2 கிலோமீற்றர் மிச்சப்படுத்தினாலும் ஊரவர் தினமும் பாவிக்காத பாதை என்றால் வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் ஒதுங்குவதற்குக்கூட இறங்காதீர்கள்.

2. சீற்றை உயர்த்துங்கள்

அநேகர் சீற்றைப் பதித்து வைத்திருப்பார்கள். இரண்டு காலும் முழுதாக நிலத்தில் படவேண்டும் என்ற பயம்தான் காரணம். சீற் பதிந்தால் முழங்கால் எந்நேரமும் மடிந்தே இருக்கும். 3 கிலோமீற்றருக்கு அது தெரியாது. 10 கிலோமீற்றர் போனால் மூன்றாம் நாள் முழங்காலின் முன்பக்கம் நோகும்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி இருங்கள். பெடலை ஆகக் கீழே விட்டுக் குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு வழமைபோல முன்பாதத்தை வைத்தால் முழங்கால் சற்று மடிந்திருக்கும். அதுதான் சரியான உயரம். ஏற்கெனவே பதித்து ஓடினவர்கள் ஒரே நாளில் உயர்த்தாமல் கிழமைக்கு அரை அங்குலமாக உயர்த்தினால் பயம் தெளியும். சீற் தண்டில் எல்லைக்கோடு போட்டிருந்தால் அது வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் தண்டு முறியக்கூடும்.

3. பையில் என்ன வேண்டும்

வீட்டில் இருக்கும் சாமானால் பயன் இல்லை. கீழே உள்ளவை ஒரு சின்னப் பொலித்தீன் பையில் சீற்றுக்குக் கீழேயோ கூடையிலோ எப்போதும் கிடக்கட்டும்:

ஒட்டுத் துண்டு 6, சொலூஷன் (ஒட்டும் பசை) ஒன்று, விரல் அகல அரத்தாள், ரயர் லீவர் 2, வால்வு ரப்பர் ஒரு சாண், கைப்பம், உங்கள் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பனர், பழைய துணி, பழைய ரியூப்பில் வெட்டின நீளப் பட்டி ஒன்று, ஒரு பேனை.

ஸ்பனரை வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். ஒவ்வொரு நட்டிலும் போட்டுப் பாருங்கள். பின் சக்கர நட்டுக்குப் பல சைக்கிளில் 15 மில்லிமீற்றர், பிறேக்குக்கு 10. பழைய பெரிய சைக்கிள்களில் வேறு அளவும் வரும். பம்மும் அப்படித்தான்: பெரிய சைக்கிளின் வால்வும் மவுண்டன் சைக்கிள் சிலதில் வரும் மோட்டார்சைக்கிள் மாதிரி வால்வும் வேறு வேறு. பொருந்தாத பம்மை ஒரு வருடம் சுமந்து திரிந்துவிட்டு, தேவைப்பட்ட அன்றுதான் அதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

சொலூஷன் ஒருதரம் திறந்தால் வெயிலில் சில மாதத்தில் காய்ந்துவிடும். சொலூஷன் ரியூபை அமத்திப் பார்த்து, இறுகியிருந்தால் புதிதாக வாங்குங்கள்.

4. முந்தின இரவுச் சோதனை, 5 நிமிடம்

இதை ஏன் காலையில் செய்யக்கூடாது? மெல்லக் கசியும் ரயர் இரவு 8 மணிக்கு நல்லாயிருக்கும், விடிய 5 மணிக்கு இளகியிருக்கும். இரவு நிறையக் காற்று அடித்துவிட்டுப் படுத்தால் கசிவு தானாகத் தெரியும், ஒட்டுவதற்கும் நேரம் இருக்கும். காலையில் அடித்தால் அது வழியில்தான் தெரியவரும்.

முதலில் காற்று. 28 அங்குலச் சைக்கிளுக்கு முன் ரயருக்கு 40 முதல் 45 இறாத்தல், சாமான் ஏறும் பின் ரயருக்கு 50 அளவில். ரயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவைத் தாண்ட வேண்டாம். அளவுக்கருவி இல்லையென்றால் பெருவிரலால் ரயரின் மேலே அமத்துங்கள்: பின் ரயர் பதியவே கூடாது, முன் ரயர் சற்றே பதியலாம். பக்கச் சுவரை நுள்ளிப் பார்த்துக் காற்றைக் கணிப்பது பிழை. அது காற்றுக் குறைந்தாலும் இறுக்கமாகவே தெரியும்.

அடுத்து ரயரைச் சுற்றிப் பாருங்கள். ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துச் சக்கரத்தை ஒருமுறை உருட்டினால் முள்ளின் அடி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். விடத்தல் முள் ஏறி முறிந்தால் உடனே காற்றுப் போகாது. நாளுக்கு ஒரு நூலளவு உள்ளே போய் மூன்றாம் நாள் ரியூப்பைத் தொடும். இரவில் குண்டூசியால் கிளறி எடுத்தால் மூன்றாம் நாள் ஒட்டு மிச்சம்.

மூன்றாவது பிறேக். இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னுக்குத் தள்ளுங்கள். முன் பிறேக்குக்குப் பின்சக்கரம் எழும்பப் பார்க்க வேண்டும். பின் பிறேக்குக்குச் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் 2 மில்லிமீற்றர் போதும். கட்டை ரயரில் உரசினால் ஒரே நாளில் ரயரின் பக்கத்தை அறுத்துவிடும், அதைக் கட்டாயம் பாருங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் அறிந்திருக்க வேண்டும்; இரவல் சைக்கிள் என்றால் மாறியும் இருக்கும்.

பிறகு செயின். நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் பள்ளத்தில் கழரும். சுத்தமாக இறுகியிருந்தால் உழக்கப் பாரமாக இருக்கும், பல்லும் தேயும். பின் சக்கர நட்டை இளக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பின்னுக்கு இழுத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் கூட இழுபட்டால் ரயர் ஒரு பக்கம் உரசும்.

கடைசியாக லைற்றும் பெல்லும். பகலில்தானே திரும்புவோம் என்று லைற்றை விடுகிறவர்கள் கார்த்திகையில் ஒரு நாளைக்கு 6 மணி தாண்டி நிற்பார்கள்.

5. சாமானும் உடுப்பும்

முதுகுப்பை வேண்டாம். நம் வெயிலில் முதுகும் பையும் ஒட்டின இடத்தில் சட்டை தோய்ந்துவிடும். பையின் பாரம் முழுவதும் சீற்றிலும் இறங்கும். கரியரில் வைத்துக் கட்டுங்கள். பாரம் கூடியதைக் கரியரில், சக்கர அச்சுக்குக் கிட்ட. சோற்றுப் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் கூடையில். கூடையில் 3 கிலோவுக்கு மேல் ஏற்றினால் ஹாண்டில் தன்பாட்டில் திரும்பப் பார்க்கும், மணலில் விழுத்தும்.

கட்டும்போது பட்டியின் நுனி தொங்கக்கூடாது. பின் சக்கரக் கம்பிக்குள் நுனி போனால் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும். கட்டி முடிந்ததும் சைக்கிளை ஒருமுறை ஆட்டி, சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்.

சேலை கட்டிப் போகும் ஆசிரியைகளுக்கு இரண்டு இடம் கவனம். சேலைத் தலைப்பைத் தோளில் ஊசி குத்தியபின் இடுப்பைச் சுற்றி முன்னால் சொருகுங்கள். கொய்யகத்தின் இடதுபக்கக் கீழ்மூலை காற்றுக்கு எழும்பிப் பெடலில் மாட்டும். அதைப் பிடித்து ஒரு ஊசி குத்தினால் போதும். லேடீஸ் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் போடும் வலையைக் கழற்றிவிடாதீர்கள், அது அலங்காரத்துக்குப் போட்டது அல்ல. சுரிதார் என்றால் துப்பட்டாவைக் கழுத்தில் பின்பக்கம் தொங்கவிடாமல் குறுக்கே முடியுங்கள்.

நீளக் காற்சட்டை என்றால் வலதுகால் மட்டும்தான் பிரச்சினை, செயின் இருப்பது அந்தப் பக்கம். ஒரு ரப்பர் வளையம் போதும். செயின் கவர் இருந்தால் அதுவும் தேவையில்லை.

6. றோட்டில்

ஏ9 போன்ற காப்பெற் றோட்டில் ஆக ஓரத்தால் போவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஆக ஓரத்தில்தான் போத்தல் ஓடு, ஆணி, முள், மணல் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். தாரின் விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே ஓடுங்கள். பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரிவீர்கள், ஒதுங்குவதற்கும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

தாரிலிருந்து கிறவல் ஓரத்துக்கு இறங்க நேர்ந்தால் இறங்குங்கள், ஏறுவதில்தான் விழுவார்கள். தாரின் விளிம்பு 3 அங்குலம் உயர்ந்திருக்கும் இடத்தில் சாய்வாக ஏற வெளிக்கிட்டால் முன் ரயர் விளிம்பில் உரசி வழுக்கும், ஆள் றோட்டின் நடுவுக்கு விழுவார். நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்து, பின்னால் பார்த்து ஏறுங்கள்.

மணல் ரிப்பர் முந்திப் போகும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், வண்டி தாண்டினதும் உள்ளே இழுக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. சத்தம் கேட்டதும் உழக்குவதைக் குறைத்து, ஹாண்டிலை இறுக்காமல் உறுதியாகப் பிடித்து நேராகப் போங்கள். ஒன்றின் பின்னால் இன்னொன்று வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நின்ற பஸ்ஸை இடப்பக்கத்தால் தாண்டாதீர்கள். கதவு அந்தப் பக்கம், இறங்குகிறவர் உங்கள் மீது இறங்குவார். பின்னால் நின்று 20 செக்கன் பொறுப்பது மலிவு.

அறுவடைக் காலத்தில் றோட்டின் ஒரு பாதியில் நெல் காயும். விளிம்புக்குக் கல்லோ தடியோ வைத்திருப்பார்கள். நெல்லின் மேல் ஏறினால் ரயர் பிடிப்பை இழக்கும், நெல்லுக்காரரின் பேச்சும் கிடைக்கும். நெல் தொடங்குமுன்னே 30 மீற்றர் தூரத்தில் பின்னால் பார்த்து, கை காட்டி, மெல்ல நடுவுக்கு வாருங்கள். கடைசி நேரத்தில் வெட்டித் திருப்புகிறவர்களைத்தான் மோட்டார்சைக்கிள் அடிக்கிறது. வயலால் ஏறின உழவுயந்திரம் விட்டுப்போன மண்கட்டிகளும் இதே காலத்தில்தான்.

புகையிரதக் கடவையில் தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். றோட்டு சாய்ந்து கடந்தால் நீங்கள் சற்று வளைந்து நேராக்கிக் கொள்ளுங்கள். சாய்வாகப் போனால் முன் ரயர் இடுக்கில் இறங்கும். நனைந்த தண்டவாளம் சவர்க்காரம் மாதிரி. மழை நாளில் இறங்கி உருட்டுங்கள், கடவைக் காவலர் இல்லாத இடத்தில் எந்த நாளும் இரண்டு பக்கமும் பாருங்கள்.

கிறவல் றோட்டில் அலை அலையாகத் திட்டு விழுந்த இடத்தில் சீற்றிலிருந்து சற்று எழும்பி, முழங்காலை இளக்கி விடுங்கள். இருந்தபடியே போனால் அடி முழுவதும் கம்பிகளுக்கு. பின் சக்கரத்தில் கம்பி முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். மணல் வந்தால் பிறேக் பிடிக்காமல் உழக்கிக்கொண்டே நேராகப் போங்கள்.

7. காற்றுப் போனால்

காற்றுப் போன உணர்வு வந்ததும் இறங்குங்கள். இன்னும் 200 மீற்றரில் கடை இருக்கிறது என்று ஓடினால் ரியூப் உள்ளே சுருண்டு வால்வின் அடியில் கிழியும். வால்வடியில் கிழிந்த ரியூப்புக்கு ஒட்டு நிற்காது. ஒரு ஒட்டுத் துண்டோடு முடியவேண்டிய வேலை புது ரியூபில் முடியும்.

ரயரைக் கழற்றுமுன் வால்வைப் பாருங்கள். கொஞ்சம் காற்றடித்து, வால்வின் வாயில் எச்சில் தடவுங்கள். குமிழ் வந்தால் வால்வு ரப்பர்தான் பழுது. வால்வுக்கட்டையைக் கழற்றினால் அதன் பக்கத்தில் ஒரு சின்னத் துளை தெரியும். ரப்பர் அந்தத் துளையை முழுதாக மூட வேண்டும். பழைய ரப்பர் வெயிலுக்கு வெடித்திருக்கும். புதிதை எச்சிலால் நனைத்து ஏற்றினால் சுருங்காமல் ஏறும். 2 நிமிட வேலை. இதைப் பாராமல் ரயரைக் கழற்றி, ஓட்டை தேடி, கிடைக்காமல் களைத்தவர்கள் ஏராளம்.

வால்வு நல்லது என்றால் சக்கரத்தை மெல்லச் சுழற்றி முள்ளைத் தேடுங்கள். கண்டால் உடனே பிடுங்க வேண்டாம். அந்த இடத்துக்கு நேரே ரயரின் பக்கத்தில் பேனையால் கோடு போடுங்கள். பிடுங்கினால் இடம் மறந்து போகும்.

காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ரயரின் இரண்டு விளிம்பையும் அமத்தி றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் ரயர் தளரும். முதல் லீவரைப் போட்டு மடக்கிக் கம்பியில் மாட்டுங்கள், ஒரு சாண் தள்ளி இரண்டாவது. ஸ்குறூட்றைவர் வேண்டாம், ஒரு ஓட்டையை ஒட்டப் போய் இரண்டாக்கும். லீவர் இல்லையென்றால் வழவழப்பான கரண்டிக் காம்பு பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் கழன்றால் போதும், சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை.

ரியூப்பை வெளியே இழுத்து, இரு மடங்கு பருமன் வரும்வரை அடியுங்கள். போட்ட கோட்டுக்கு நேரே பாருங்கள். தெரியவில்லையா, உதட்டுக்குக் கிட்டப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். உதட்டுக்குத் தெரியாத காற்று இல்லை. பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் இன்னும் சுகம்.

ஓட்டை எப்படி இருக்கிறது என்பதும் ஒரு செய்தி. வெளிப்பக்கம் ஒன்று என்றால் முள் அல்லது ஆணி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக ஓடிக் கல்லில் இடித்திருக்கிறீர்கள். றிம் பக்கம் என்றால் கம்பி முனை குத்துகிறது. றிம் பட்டி விலகியிருக்கும், அதைச் சரிசெய்யாமல் ஒட்டினால் நாளைக்கும் அதே இடம்.

ஓட்டை நடுவில் வரும்படி பெரிய சிலுவையாகக் கோடு போடுங்கள். சின்னப் புள்ளி வைத்தால் அரத்தாள் அதை அழித்துவிடும். ஒட்டுத் துண்டை விடச் சற்று அகலமாக அரத்தாள் தேயுங்கள். மினுக்கம் போய் மங்க வேண்டும், ரியூப்பின் அச்சுக்கோடு அந்த இடத்தில் இருந்தால் அது மட்டமாக வேண்டும். மேடு இருந்தால் அதன் ஓரத்தால் காற்று வடியும்.

சொலூஷனை மெல்லிசாகப் பூசி 5 நிமிடம் விடுங்கள். புதியவர்களின் ஒட்டு கழன்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த 5 நிமிடத்தைப் பொறுக்காததுதான். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் உள்ளே ஈரம் அடைபட்டு, வெயில் ஏறினதும் துண்டு எழும்பும். மினுக்கம் போய், விரல் நுனியால் ஓரத்தில் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 நிமிடம் அமத்துங்கள். கடைசியில் மேலே கொஞ்சம் காய்ந்த புழுதி தடவுங்கள், இல்லாவிட்டால் மிச்சச் சொலூஷன் ரயரில் ஒட்டும்.

அந்த 5 நிமிடத்தில் கை சும்மா இருக்க வேண்டாம். துணியைச் சுருட்டி ரயரின் உட்பக்கம் முழுதும் துடையுங்கள். முள் இருந்தால் துணியில் மாட்டும். விரலால் துழாவினால் விரல்தான் மாட்டும். ஒரு முள் எடுத்ததும் நிறுத்தாதீர்கள், வேலி அடைக்கும் காலத்தில் ஒரே ரயரில் மூன்று கிடக்கும்.

ரியூப்பில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இரண்டு பெருவிரலாலும் தள்ளி வால்வடியில் முடியுங்கள். கடைசித் துண்டை லீவரால் ஏற்றினால் ரியூப்பை நறுக்குவீர்கள். முடிந்ததும் வால்வை ஒருதரம் உள்ளே தள்ளி இழுங்கள், விளிம்பில் அகப்பட்ட ரியூப் விலகும். பாதிக் காற்றில் நிறுத்தி, ரயர் சுற்றிவர ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள்.

வீட்டில் ஒரு பின்னேரம், ஓட்டை இல்லாத ரயரிலேயே இதைக் கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். முதல் தரம் 40 நிமிடம் எடுக்கும், நாலாம் தரம் 15.

8. செயின், பெடல், பிறேக் கம்பி

செயின் கழன்றால் பின் பல்லில் முதலில் மாட்டி, பிறகு முன் பெரிய பல்லின் மேல் சில கண்ணிகளை ஏற்றி, பெடலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். செயினுக்கும் பல்லுக்கும் இடையில் விரல் வேண்டாம், குச்சியால் தூக்குங்கள். ஒரே நாளில் இரண்டு தரம் கழன்றால் நட்டு இளகி அச்சு நகர்ந்திருக்கிறது.

பெடல் உழக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, பெடல் புரி. இடப்பக்கப் பெடலின் புரி மறுபக்கம்: இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். தெரியாமல் வழமைப்படி இறுக்குகிறவர்கள் கழற்றிக் கொண்டிருப்பார்கள். மற்றது, பெடல் தண்டை அச்சோடு பூட்டும் கொட்டர் பின். அது இளகி ஓடினால் பின் மட்டுமல்ல, அச்சும் தேயும். நட்டை இறுக்கிவிட்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். இது வழியில் தீரும் வேலை அல்ல.

பிறேக் கம்பி அறுபடுமுன் கைப்பிடித் தலையடியில் ஒரு இழை பிரிந்து நிற்கும். அதைக் கண்டால் அந்தக் கிழமையே மாற்றுங்கள். வழியில் அறுந்தால் மிஞ்சிய பிறேக்கை நம்பி மெல்லப் போகலாம். முன் பிறேக் மட்டும் மிஞ்சினால் மணலில் பிடிக்காதீர்கள்.

9. மாரியில்

நனைந்த இரும்பு றிம்மில் பிறேக் பாதிகூடப் பிடிக்காது. சந்திக்கு நெடுந்தூரம் முன்னாலேயே மெல்லப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு றிம்மின் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் உண்மையான பிடி கிடைக்கும். குடையை ஒரு கையில் பிடித்து ஓடுவது எங்கும் நடப்பதுதான். அந்தக் கைதான் உங்கள் பிறேக் கைகளில் ஒன்று. மழைச்சட்டை வாங்குங்கள், பின்பக்கம் சக்கரத்தில் தொங்காத நீளத்தில்.

தாம்போதியில் தண்ணீர் ஓடினால் ஆழத்தைக் குச்சியால் அளந்துவிட்டு இறங்குவோம் என்று நினைக்காதீர்கள். முழங்காலளவு ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்க்கும். சைக்கிளைப் பிடித்திருந்தால் கம்பிகளில் தண்ணீர் அடித்து இன்னும் இழுக்கும். வேறு வழியால் போங்கள், அல்லது போகாதீர்கள். தேங்கிய தண்ணீரையும் குழி தெரியாததால் சுற்றிப் போவதே நல்லது.

வயல் பக்கக் களி ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் இறுகிச் சக்கரத்தையே நிறுத்தும். இழுத்து உழக்கினால் மட்காட் தண்டு வளையும். ஒரு சாண் தடியை கரியரில் சொருகி வைத்திருந்து சுரண்டுங்கள்.

நனைந்து வந்த இரவு செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி ஒயில் விட்டு, கொஞ்ச நேரத்தில் மேலே நிற்பதைத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் பிசினாகிப் புழுதியைப் பிடிக்கும். கராச்சில் இனாமாகக் கிடைக்கும் கழிவு ஒயிலில் இரும்புத் துகள் இருக்கும். இனாமாக இருப்பதன் காரணமே அதுதான்.

10. இருட்டில் திரும்பும்போது

முன்னால் வெள்ளை லைற், பின்னால் சிவப்பு லைற் அல்லது சிவப்பு ஒளிதெறிப்பான். ரோச்சை வாயிலோ கையிலோ பிடிக்காமல் ஹாண்டிலில் ரியூப் பட்டியால் கட்டி, 10 மீற்றர் தூரத்தில் நிலத்தில் விழும்படி சரியுங்கள். பின் வெளிச்சத்தைப் பை மறைக்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். அநேகருடையது மறைந்துதான் இருக்கும்.

இரவில் தார் சூடாக இருப்பதால் மாடுகள் றோட்டிலேயே படுத்திருக்கும். எருமை வெளிச்சத்தில்கூடத் தெரியாது. எதிரே வாகன வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்த 3, 4 செக்கன் நேரம் உழக்குவதை நிறுத்தி, இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். புடையன் பாம்பும் இதே சூட்டுக்கு வரும். இருட்டில் காற்றுப் போனால் கால் வைக்குமுன் வெளிச்சம் அடியுங்கள். மழை விட்ட பின்னேரம் ஈசல் கண்ணில் விழும், வெறும் கண்ணாடி ஒன்று போட்டால் தப்பலாம்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை வரும். புது இலத்தியோ முறிந்த கிளையோ றோட்டில் கண்டால் அதற்கு மேல் தனியாகப் போகாதீர்கள். யானையைக் கண்டால் பெல் அடிக்கவோ ரோச் அடித்து விரட்டவோ வேண்டாம்; மெல்லத் திரும்பி தூரப் போய் ஒரு வாகனம் வரும்வரை நில்லுங்கள். இந்த வீதியில் வேலை என்றால் 5.30க்கு முன் காட்டைத் தாண்டும்படி வெளிக்கிட வேண்டும். மேலாளரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

11. வேலைத்தலத்தில்

சைக்கிளை நிழலில் விடுங்கள். நிறையக் காற்றடித்த பழைய ரயர் உச்சி வெயிலில் நின்றால் ஒட்டு எழும்பும், வெடித்த ரயரால் ரியூப் பிதுங்கும். காலையில் நிழலாக இருக்கும் பக்கம் 1 மணிக்கு வெயிலாகும். மேற்குச் சுவரோரம் விடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பூட்டைச் சக்கரத்தில் மட்டும் போடாமல் சட்டத்தையும் ஒரு தூணையும் சேர்த்துப் போடுங்கள்.

வந்ததும் உடனே மின்விசிறிக்குக் கீழே இருக்காமல் 5 நிமிடம் நடந்து ஆறுங்கள், பிறகு முகம் கழுவி மேற்சட்டை மாற்றுங்கள். ஆறுமுன் மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். வரும் வழியில் அரைப் போத்தல், வந்தபின் அரைப் போத்தல் தண்ணீர். பங்குனி, சித்திரையில் இரண்டு மடங்கு.

12. சனிக்கிழமை அரை மணித்தியாலம்

கிறவல் புழுதியைத் துணியால் துடையுங்கள், குழாயால் பீச்ச வேண்டாம். அச்சுக்குள் தண்ணீர் போனால் கிறீஸ் கழுவுப்படும். சக்கரத்தை உயர்த்திப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அச்சில் குண்டுகளைப் பிடிக்கும் கோன் இளகியிருக்கிறது. சுழற்றிப் பார்த்து, பிறேக் கட்டையோடு ஒரு பக்கம் உரசினால் றிம் நெளிந்திருக்கிறது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். மற்றவற்றிலிருந்து மாறி மொத்தைச் சத்தம் வருவது இளகினது. இளகின ஒன்றைக் கால் திருப்பு இறுக்கலாம். இரண்டுக்கு மேல் என்றால் கடையில் கொடுங்கள், கண்டபடி இறுக்கினால் றிம் எட்டாக வளையும்.

மாதத்துக்கு ஒருதரம் செயினை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்தோடு ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே மாற்ற வேண்டும். அப்போது மாற்றினால் செயின் மட்டும் போகும். பிந்தினால் முன் பல்லும் பின் பல்லும் சேர்ந்து போகும், புதுச் செயின் பழைய பல்லில் ஏறி ஏறி வழுக்கும்.